வலியும் வேதனையும் ஒன்றல்ல

வலி என்பது உடற்சேதத்தின் அறிவிப்பு, அவ்வளவுதான் என்று வலியைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை முடித்துவிட்டது. எனக்கு ஒப்பவில்லை. மூளையின் சில பகுதிகள் பாதிக்கப்பட்டவர்களை ஊசியால் குத்தினால் "வலிக்கிறது" என்பார்கள்; ஆனால் கையை இழுத்துக்கொள்ள மாட்டார்கள், சிலர் சிரிக்கக்கூடச் செய்வார்கள். வலி இருக்கிறது, வேதனை இல்லை. துண்டிக்கப்பட்ட காலில் வலிப்பவர்களுக்கோ சேதமடைய அங்கே உறுப்பே கிடையாது. சரி, இதெல்லாம் வெறும் ஏட்டு விவாதமா? 1980கள் வரை பச்சிளங்குழந்தைகளுக்குப் போதிய மயக்க மருந்தில்லாமலே அறுவை சிகிச்சைகள் நடந்தன. அவர்களுக்கு வலி உணர்வு முதிரவில்லை என்ற நம்பிக்கையும் அதற்கு ஒரு காரணம். நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் வலிக்குத் தான் தந்த 1979ஆம் ஆண்டு வரையறையை 2020இல் திருத்தியபோது, சொல்ல முடியாததாலேயே வலி இல்லை என்றாகிவிடாது, விலங்குகளுக்கும் இது பொருந்தும் என்று குறிப்பில் எழுதியது. கட்டுரையாளர் அதையும் பேசியிருக்க வேண்டும்.