28 லட்சம் பேரும் நாத்திகர் இல்லை, அண்ணாச்சி

‘2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் நாத்திகர் 28 லட்சம் பேர், மற்ற எல்லாரும் பக்தர்கள்’ என்று உங்கள் பதிவின் தலைப்பில் எழுதியிருக்கிறீர்கள். எண் சரி, பெயர்தான் தவறு. அந்த 28.7 லட்சம், அதாவது 0.24 சதவீதம், ‘மதம் குறிப்பிடாதவர்கள்’. நாத்திகர் என்று யாரும் அவர்களை எண்ணவில்லை. பதில் சொல்லாமல் விட்டவர்களும் அதில்தான் வருவார்கள்.

அதைவிடப் பெரிய பிழை, மிச்சம் எல்லாரும் பக்தர்கள் என்பது. கடவுளை நம்புகிறீர்களா என்று அந்தப் படிவம் கேட்கவே இல்லை. மதம் என்ன என்று மட்டும்தான் கேட்டது. அதுவும் வீட்டில் ஒருவர் சொன்னால் எல்லாருக்கும் பதிவாகிவிடும். பாளையங்கோட்டையில் எங்கள் பெரியப்பா ஐம்பது வருடமாகக் கறுப்புச் சட்டை போடுகிறவர். 2011 பிப்ரவரியில் கணக்கெடுக்க வந்தபோது வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்த ஆச்சி, ‘எல்லாரும் இந்துதான், எழுதிக்கோம்மா’ என்று முடித்துவிட்டாள். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு ஆச்சியைக் கூட்டிப் போகிறவரும் பெரியப்பாதான். வேனை நிறுத்திவிட்டு, பொங்கல் பானையை இறக்கிக் கொடுத்துவிட்டு, ஆலமரத்தடியில் பேப்பர் படிப்பார். திருநீறு பூச மாட்டார். அவரை எந்தப் பக்கம் சேர்ப்பீர்கள்?

தலைப்பை மாற்றிவிடுங்கள். எங்கள் குடும்பக் குரூப்பிலேயே இது மூன்று தடவை வந்துவிட்டது.