மோசேயும் துட்மோஸும் ஒருவரா?

"துட்மோஸ் என்ற பார்வோன்தான் (எகிப்திய மன்னன்) விவிலியத்தின் மோசே, பெயரே சாட்சி" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு. எகிப்திய மொழியில் 'மோஸ்' என்றால் 'பிறந்தவன்'. துட்மோஸ் சாதாரண மக்களும் வைத்துக்கொண்ட பெயர்தான். 1912-இல் எகிப்தின் அமர்னாவில் அரசி நெஃபர்டிட்டியின் சிலை கிடைத்த பட்டறையே துட்மோஸ் என்ற சிற்பியுடையது. அவரையும் பார்வோனாக்கிவிடலாமா?

மோசே என்ற பெயரின் வேர் எகிப்தியமாக இருக்கலாம் என்று அறிஞர் பலர் கருதுவது உண்மைதான். விவிலியத்தின் யாத்திராகமம் 2:10 அதை எபிரேய வினையோடு இணைத்து, தண்ணீரிலிருந்து எடுத்ததால் வந்த பெயர் என்கிறது. இலக்கணப்படி பார்த்தால் அந்தப் பெயரின் எபிரேய வடிவம் 'எடுக்கப்பட்டவன்' அல்ல, 'எடுக்கிறவன்'. எகிப்திய வாதத்திலும் ஓட்டை உண்டு: அதே 'மோஸ்' வேர் கொண்ட ராமசேஸ் என்ற எகிப்தியப் பெயரை எபிரேயம் 'ஸ' ஒலியோடு எழுதுகிறது, மோசேயை 'ஷ' ஒலியோடு. விவிலியத்தில் வரும் இன்னொரு பெயரான பினெகாஸ் விஷயத்தில் இவ்வளவு இழுபறி இல்லை. 'நூபியன்' எனப் பொருள்படும் எகிப்தியப் பெயர் அது என்பது பரவலாக ஏற்கப்பட்டது.