நாலாவது தடவையாவது கேளுங்க

நேத்து ராத்திரி ஒரு புது ஆசிட் இபி-ய (ஆசிட் ஹவுஸ்ங்கிற எலக்ட்ரானிக் டான்ஸ் மியூசிக்ல ஒரு குட்டி ஆல்பம்) ஃப்ரெண்ட் ஒருத்தனுக்கு அனுப்பினேன், நாலு டிராக், மொத்தம் இருபத்தஞ்சு நிமிஷம் ஓடும். ரெண்டே நிமிஷத்துல பதில் வந்துருச்சு, "மச்சி போன மாசமும் இதே கொய்ங் கொய்ங்தான அனுப்பின, இதுல புதுசா என்ன இருக்கு"ன்னு. அவன்மேல எனக்குக் கோவம் இல்ல, ஆனா இந்தக் கேள்விய நிறைய பேர் கேக்குறாங்க, அதான் எழுதுறேன்.

அந்தக் கொய்ங் சத்தம் வர்றது ரோலண்ட் கம்பெனியோட டிபி-303ங்கிற சின்ன பேஸ் சிந்தசைசர் பெட்டிலேர்ந்து. ஜப்பான்காரங்க 1981ல கொண்டுவந்தாங்க, வடிவமைச்சவர் தடாவோ கிகுமோட்டோ. தனியா கிட்டார் வாசிக்கிறவங்களுக்கு பேஸ் வாசிக்க ஆள் இல்லன்னா இது வாசிக்கட்டும்ங்கிறதுதான் திட்டம், ஆனா உண்மையான பேஸ் கிட்டார் மாதிரி கொஞ்சங்கூட இல்ல, யாரும் சீண்டல, 1984லயே நிறுத்திட்டாங்க. அப்புறம் செகண்ட் ஹேண்ட் கடைல சல்லிசா கிடைச்சதாலதான் சிகாகோ பசங்க கைக்கு வந்தது. டிஜே பியர், ஸ்பாங்கி, ஹெர்ப் ஜே, இந்த மூணு பேரும் சேர்ந்ததுதான் ஃபியூச்சர்ங்கிற குழு. ஸ்பாங்கி ஒரு பாட்டர்ன (திரும்பத் திரும்ப ஓடுற சுர வரிசை) ஓடவிட, பியர் மேல் வரிசைல இருக்கிற நாப்களை ஓடும்போதே திருக ஆரம்பிச்சார், அவ்வளவுதான், பேஸ் அழுதுச்சு, கத்துச்சு, குழைஞ்சுச்சு.

அதைப் பதிஞ்ச டேப்ப சிகாகோ மியூசிக் பாக்ஸ் கிளப்புக்குக் கொண்டுபோனாங்க, அங்க டிஜே ரான் ஹார்டி. பியர் பல தடவை சொல்லியிருக்கிற கதை இது: முதல் தடவை போட்டதும் ஆடிட்டிருந்தவங்க எல்லாம் தரைய காலி பண்ணிட்டு நகர்ந்துட்டாங்க. ஹார்டி விடல, கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி போட்டார், அப்புறம் மறுபடி, அதே ராத்திரில நாலாவது தடவை போட்டப்ப கூட்டம் வெறி பிடிச்ச மாதிரி ஆடுச்சு. 1987ல அது ஆசிட் டிராக்ஸ்ங்கிற பேர்ல ரெக்கார்டா வந்துச்சு. மூணு தடவை பிடிக்காத ஒண்ண நாலாவது தடவை போடுற தைரியம் அந்த ஆளுக்கு இருந்திருக்கு, நாம பதினஞ்சு செகண்ட்ல ஸ்கிப் அடிக்கிறோம்.

எங்கிட்ட இப்ப ஒரு 303 குளோன் (வேற கம்பெனி செஞ்ச நகல்) இருக்கு, ஒரிஜினல் விலைக்கு நான் எங்க போக. அதுல பாட்டர்ன் போடுறது விசித்திரமான வேலை, எந்த சுரம்னு தனியா ஒரு சுத்து பதியணும், அது எப்ப விழணும்னு தனியா இன்னொரு சுத்து பதியணும், எங்கயாவது ஒரு இடம் தவறினா மொத்தமும் நகர்ந்து நாம நினைக்காத ஒண்ணு வாசிக்கும். ஒரு ஞாயித்துக்கிழமை அப்படித் தவறி வந்த பதினாறு ஸ்டெப்ப அழிக்காம ஓடவிட்டு, கட்ஆஃப (சத்தத்தோட மேல் பகுதி எவ்வளவு வெளிய வரணும்னு வெட்டுற நாப்) மட்டும் ரொம்ப மெதுவா, ஒரு நிமிஷத்துல கால் சுத்துகூட வராத அளவுக்குத் திறந்தேன், கூடவே ரெசொனன்ஸ (அந்த வெட்டுற இடத்தையே தூக்கிக் காட்டுற நாப்) ஏத்தினேன். ஒரு இடத்துல சத்தம் அப்படியே மேல எழும்பி விசில் அடிக்கிற மாதிரி கிறீச்சிடுது, ஒரு மயிரிழை பின்னால இழுத்தா தொண்டைய அடைச்ச மாதிரி ஆயிடுது. சுரம் எதுவும் மாறல, ஸ்லைடும் (ஒரு சுரத்துலேர்ந்து அடுத்ததுக்கு வழுக்கிப் போறது) ஆக்சென்ட்டும்கூட (ஒரு சுரத்த அழுத்தி வாசிக்கிறது) அதே இடத்துலதான், ஆனா மாறினது எல்லாமே மாறுச்சு. அன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சது இந்த மியூசிக்ல பாட்டு எழுதப்படுறது சுரத்துல இல்ல, விரல்லன்னு. ராஜரத்தினம் பிள்ளை தோடி வாசிக்க உக்காந்தா "அதே தோடியா"ன்னு யாராவது எழுந்து போயிருப்பாங்களா?

அதனாலதான் ஆசிட் வாசிக்கிறவங்கள்ல ஹார்ட்ஃப்ளோர் கேட்டா பல 303 ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டுற மாதிரி இருக்கு, டின் மேன் கேட்டா அதே பெட்டி ராத்திரி ரெண்டு மணிக்குத் தனியா உக்காந்து விசும்புற மாதிரி இருக்கு. கேக்காதவங்க டின் மேன்லேர்ந்து ஆரம்பிங்க.

இந்த இடத்துல கண்டிப்பா ஒருத்தர் கமெண்ட்ல வருவார், ஆசிட் ஹவுஸ கண்டுபிடிச்சதே நம்ம சரண்ஜித் சிங்தான்னு. மும்பை ஸ்டூடியோ கலைஞர், 1982லயே 303, 808 டிரம் மெஷின், ஜூப்பிட்டர்-8 சிந்தசைசர் வச்சு டிஸ்கோ தாளத்துல பத்து ராகம் வாசிச்சு ஒரு ஆல்பம் பதிவு பண்ணினார், பூபாளி இருக்கு, மால்கௌன்ஸ் இருக்கு, அதாவது நம்ம மோகனம், ஹிந்தோளம். அந்த ஸ்லைடுல கமகம் கேக்கும்போது எனக்கு இப்பவும் சிலிர்க்கும். ஆனா அது அன்னிக்கு விக்கல, 2010ல மறுபடி வெளியானப்பதான் உலகத்துக்கே பெருசாத் தெரிஞ்சது. அந்தச் சிகாகோ பசங்க அதைக் கேட்டு செஞ்சாங்கன்னு எந்த ஆதாரமும் இல்ல. மியூசிக் பாக்ஸ்ல விடிய விடிய ஆடின கறுப்பினப் பசங்க, தன்பாலீர்ப்பாளர்கள், அவங்க உடம்பு வேர்வைல பிறந்ததுதான் ஆசிட் ஹவுஸ். சரண்ஜித்த கொண்டாட அவங்ககிட்டேர்ந்து அதைப் புடுங்க வேண்டியதில்ல.

புது ரிலீஸ் பத்தி ஒரே ஒரு வேண்டுகோள். முடிஞ்சா வாங்குங்க. 2024லேர்ந்து ஸ்பாட்டிஃபைல ஒரு டிராக் 12 மாசத்துல 1000 தடவை கேக்கப்படலன்னா ராயல்ட்டி கணக்குலயே வராது, இந்த மாதிரி சின்ன ஆளுங்களுக்கு 1000ங்கிறது சாதாரண விஷயம் இல்ல. கலைஞர்கள்கிட்டேர்ந்து நேரா வாங்குற பேண்ட்கேம்ப் தளத்துல டிஜிட்டலா வாங்கினா அவங்க 15 சதவீதம் எடுத்துப்பாங்க, பேண்ட்கேம்ப் ஃப்ரைடேன்னு அவங்க அறிவிக்கிற சில வெள்ளிக்கிழமைகள்ல அதையும் விட்டுக்குடுப்பாங்க. ஐ லவ் ஆசிட்னு ஒரு லேபிள், ஒவ்வொரு ரெக்கார்டும் 303 காப்பிதான் போடுவாங்க, அழகான விஷயம்தான், ஆனா இங்க ஷிப்பிங், கஸ்டம்ஸ் எல்லாம் கூட்டிப் பாத்தா மனசு விட்டுப்போகுது, அதனால நான் டிஜிட்டல்தான்.

அந்த ஃப்ரெண்டுக்கு இன்னிக்குக் காலைல மறுபடியும் அதே லிங்க்தான் அனுப்பியிருக்கேன். மூணாவது டிராக், நாலாவது நிமிஷம், கிக் டிரம் நின்னு 303 மட்டும் தனியா நிக்கிற இடம். போன் ஸ்பீக்கர்ல வேணாம்டா, ஹெட்ஃபோன் போட்டுக் கேளு.