தயிரில் அந்த பாக்டீரியா கிடையாது

"தினம் ரெண்டு கப் தயிர் சாப்பிட்டா ஃபீக்காலிபாக்டீரியம் குடலில் பெருகும், கிரோன் நோய் அண்டாது" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். ஃபீக்காலிபாக்டீரியம் என்பது நம் குடலில் வாழும் ஒரு பாக்டீரியா; கிரோன் என்பது குடலில் நீடிக்கும் அழற்சி நோய். அவர் எழுதியதில் பாதிக்கு மேல் தவறு.

தயிரில் இருப்பவை லாக்டிக் அமில பாக்டீரியாக்கள். ஃபீக்காலிபாக்டீரியம் பிராஸ்னிட்சி ஆக்சிஜனைத் தாங்காது. காற்றுப் பட்டால் சில நிமிடங்களில் செத்துவிடும். திறந்த சட்டியில் உறையும் தயிரில் அது எப்படி உயிரோடு இருக்கும்? மாத்திரையாக அடைத்து விற்பதும் இதனால்தான் பெரும்பாடு.

அது செய்யும் வேலை உண்மையிலேயே பெரிது. மற்ற பாக்டீரியாக்கள் கழித்துவிடும் அசிட்டேட்டையும் எடுத்துக்கொண்டு, நொதித்தல் வழியே பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தைத் தயாரிக்கிறது. பெருங்குடலின் உள்சுவர் செல்களுக்கு முக்கிய எரிபொருளே அந்த பியூட்டிரேட்தான். அதை வளர்க்க ஆசையென்றால் வெங்காயம், பூண்டிலுள்ள இன்யூலின், கொய்யாவிலுள்ள பெக்டின் என்று நார்ச்சத்துப் பக்கம் போங்கள். தயிர் நல்லதுதான், அது வேறு கணக்கு.

கிரோன் விஷயத்துக்கு வருவோம். 2008-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், அறுவை சிகிச்சை செய்துகொண்ட நோயாளிகளில் இந்த பாக்டீரியா குறைவாக இருந்தவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. அது தொடர்பு மட்டுமே. குறைந்ததால் நோய் வந்ததா, குடல் அழற்சியால் இது குறைந்ததா என்பதை அந்த ஆய்வு மட்டும் சொல்லிவிடாது. இதை நம்பி யாரும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.