அங்கீகாரம் இருக்கிறது, சரி, எந்தக் கட்டடத்துக்கு?

ஜூன் நெருங்கினால் போதும், காரைக்குடி, தேவகோட்டை பக்கமெல்லாம் தனியார் பள்ளிக்காரர்கள் 'புதிய கிளை, அட்மிஷன் நடைபெறுகிறது' என்று பேனர் கட்டிவிடுகிறார்கள். எங்கே கிளை என்று போய்ப் பார்த்தால் பல வருஷம் பூட்டிக் கிடந்த ஒரு செட்டியார் வீடு. அனுமதி வாங்கியாச்சா என்று கேட்டால், "மெயின் ஸ்கூலுக்கு இருக்குல்ல சார், அதுவே போதும்" என்று பதில் வரும்.

போதாதுங்க. கட்டட உறுதிச் சான்று, தாசில்தார் தரும் கட்டட உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று, இந்த நாலும் அந்தந்தக் கட்டடத்தைப் பார்த்துக் கொடுப்பவை. ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டு வரை அங்கீகாரம் இல்லாமல் நடத்தினால், 2009 கல்வி உரிமைச் சட்டப்படி ஒரு லட்சம் வரை அபராதம், அதற்கப்புறமும் நடத்தினால் நாளுக்கு 10,000.

"நூறு வருஷம் நின்ற வீடு, பர்மா தேக்கு, சுண்ணாம்புக் காரை, இடியவா போகுது?" என்பார்கள். இடியாதுதான், நானும் ஒத்துக்கொள்கிறேன். பிள்ளைகள் வெளியே வருவதுதான் பிரச்சினை. முகப்பில் நுழைந்து வளவு (நடுமுற்றம்), இரண்டாங்கட்டு, அடுப்படி என்று போனால் பின்தெருவில் வெளியே வரலாம், வரைபடத்தில் பார்த்தால் இரண்டு வாசல். ஆனால் பின்கதவில் பூட்டு, அதன் முன்னால் பங்காளிகளின் பழைய சாமான். மாடிப்படியோ செங்குத்து, அகலம் ஒரு ஆளுக்குத்தான். அந்த மாடியில் எல்.கே.ஜி. நடத்துகிறவர்களுக்கு 2004 ஜூலை 16 நினைவில் இருக்கிறதா? கும்பகோணம் பள்ளித் தீயில் 94 பிள்ளைகள் இறந்தார்கள். அங்கே கீற்றுக் கூரை, இங்கே ஓடு, ஆனால் குறுகலான படி குறுகலான படிதான். படியை இடித்து அகலப்படுத்துகிறேன் என்று வீட்டைப் பாழாக்கவும் வேண்டாம். மாடியைப் பூட்டிவிட்டு, வளவைச் சுற்றிக் கீழே மட்டும் நடத்துங்கள்.

விதியெல்லாம் சரி என்றும் சொல்ல மாட்டேன். தனியார் பள்ளிகளுக்காக அரசு அமைத்த சிட்டிபாபு குழு சொன்ன குறைந்தபட்ச இட அளவு மாநகராட்சியில் 6 கிரவுண்டு, நகராட்சியில் 10, பேரூராட்சியில் ஒரு ஏக்கர். காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆனது. அந்தக் கணக்குப்படி நேற்று வரை பத்தாத மனை இன்று தாராளம், பக்கத்துப் பேரூராட்சியான கானாடுகாத்தானில் மட்டும் இன்னும் ஏக்கர் கணக்கு! ஓடி விளையாடுகிற பிள்ளைக்கு இது மாநகராட்சியா பேரூராட்சியா என்று தெரியுமா என்ன?

இன்னொன்று, யாரும் பேசாதது. இந்த வீடுகள் பெரும்பாலும் ஒருத்தர் பேரில் இல்லை. ஒரு பங்கு சென்னையில், ஒன்று சிங்கப்பூரில் என்று சிதறிக் கிடக்கும். ஒரு பங்காளி மட்டும் கையெழுத்துப் போட்டு வாடகைக்கு விட, மற்றவர் நடுவருஷத்தில் கோர்ட்டுக்குப் போனால் பிள்ளைகள் தெருவில்தான் நிற்க வேண்டும்.

பெற்றோர்கள் ஃபீஸ் கட்டுவதற்கு முன்னால் அங்கீகார ஆணையின் நகலைக் கேட்டு வாங்கி, அதில் போட்டிருக்கும் முகவரியைப் படியுங்கள். வேற தெரு என்றால் பணம் கட்டாதீர்கள். கிளை நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், எத்தனை பங்காளிகளிடம் கையெழுத்து வாங்கினீர்கள் என்று கமெண்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.