பாடியவரைப் பற்றியும் சொல்லியிருக்கலாம்

ஒலிப்பதிவு பிறந்த கதையைச் சொல்லும் உங்கள் கட்டுரையில் எடிசன், அவர் 1877இல் கண்டுபிடித்த போனோகிராப் என்ற ஒலிப்பதிவுக் கருவி எல்லாம் சரியாக வந்திருக்கிறது. ஆனால் பிறகு அந்தக் கருவியில் மாட்டி ஒலியைப் பதிந்த மெழுகு உருளைகளுக்காகப் பாடிக் கொடுத்தவர்கள் பட்ட பாடு பற்றி ஒரு வரிகூட இல்லையே! 1890களின் தொடக்கத்தில் ஒரு பதிவிலிருந்து ஆயிரக்கணக்கில் நகல் எடுக்க வழி கிடையாது. சில கருவிகளை வரிசையாக வைத்து, அவற்றின் குழல்களைப் பார்த்துப் பாடகர் ஓங்கிப் பாடுவார், கருவிக்கு ஒரு உருளை கிடைக்கும், அவ்வளவுதான், அப்புறம் புது உருளைகளை மாட்டி அதே பாட்டை மறுபடி முதலிலிருந்து பாட வேண்டும்.

ஜார்ஜ் டபிள்யூ. ஜான்சன் என்று ஒருவர். வர்ஜீனியாவில் அடிமை முறை இருந்த காலத்தில் பிறந்தவர், நியூயார்க்கில் சீட்டியடித்துப் பாடிக் காசு வாங்கியவர், 1890 வாக்கில் பதிவுக்கு வந்து அமெரிக்காவின் முதல் கறுப்பின ஒலிப்பதிவு நட்சத்திரம் ஆனார். அவருடைய ‘சிரிப்புப் பாட்டு’ என்ற பாடலில் பல்லவிக்குப் பல்லவி தாளம் தப்பாமல் சிரிக்க வேண்டும். இரண்டு நிமிட உருளைக்காக அந்தச் சிரிப்பைத் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு முறையும் அப்போதுதான் சிரிப்பு வந்தது போலவே சிரித்திருக்கிறார் மனுஷன். பழைய பதிவு இணையத்தில் கிடைக்கிறது, இரைச்சலைப் பொறுத்துக்கொண்டு ஒரு தடவை கேளுங்கள்.