டிரக்கின் கதவில் எழுதியிருக்கும் எண்

ஆறு ஆண்டுகளுக்கு முன் நியூ ஜெர்சியிலிருந்து டெக்சாஸுக்கு நாங்கள் வீடு மாறியபோது, சாமான்களை ஏற்ற வந்த டிரக்கின் கதவில் காந்தத் தகடு ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. அதில் இருந்தது நாங்கள் முன்பணம் கட்டிய நிறுவனத்தின் பெயர்தான். ஆனால் தகட்டின் ஒரு மூலை தூக்கிக்கொண்டு நின்றதால், அதற்கடியில் வேறொரு பெயரின் கடைசி எழுத்துகளும் ஓர் எண்ணின் பாதியும் தெரிந்தன. பார்த்தும் நான் ஒன்றும் கேட்கவில்லை. பன்னிரண்டு நாள் கழித்துச் சாமான்கள் வந்து சேர்ந்தபோது அலமாரி உடைந்திருந்தது. இரண்டு பெட்டிகளைக் காணவில்லை. முன்பணம் வாங்கியவர்களோ தாங்கள் வெறும் புரோக்கர்கள் என்றும், ஏற்றிச் சென்றவர்களிடம்தான் கேட்க வேண்டும் என்றும் கைவிரித்துவிட்டார்கள். ஏற்றிச் சென்றவர் யார் என்று கண்டுபிடிக்க எனக்கு உதவியிருக்கக்கூடிய ஒரே தடயம், நான் குறித்துக்கொள்ளாமல் விட்ட அந்த எண்.

அதற்குப் பிறகுதான் அந்த எண்ணைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். மாநில எல்லை தாண்டிச் சரக்கு ஏற்றும் பெரிய வண்டிகளை இயக்கும் நிறுவனங்கள் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையில் பதிவு செய்து, 'டாட் நம்பர்' என்று எல்லோரும் சொல்லும் எண்ணைப் பெற வேண்டும். பகல் வெளிச்சத்தில் 50 அடி தூரத்திலிருந்து படிக்க முடிகிற அளவில், வண்டியின் இரு பக்கங்களிலும் அது இருக்க வேண்டும் என்பது விதி. காந்தத் தகட்டில் எழுதி ஒட்டுவதையும் விதி அனுமதிக்கிறது. குத்தகை வண்டிகளில் அது வழக்கம்தான். ஆகவே தகடு இருப்பதே குற்றமாகிவிடாது. ஆனால் ஒப்பந்தத் தாளில் உள்ள பெயரும், தகட்டில் உள்ள எண்ணும், அந்த எண்ணுக்கு அரசுப் பதிவேடு காட்டும் பெயரும் ஒன்றாக இருக்கின்றனவா என்று சாமான் ஏறுவதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும்.

பார்ப்பதற்குக் காசு எதுவும் இல்லை. 2000ஆம் ஆண்டு முதல் இத்துறையைக் கண்காணித்து வரும் எஃப்.எம்.சி.எஸ்.ஏ. என்ற மத்திய அமைப்பின் 'சேஃபர்' தளத்தில் எண்ணையோ பெயரையோ தட்டினால் ஒரு பக்கத்துக்குள் எல்லாம் வந்துவிடுகிறது: சட்டப்பூர்வப் பெயர், முகவரி, எத்தனை வண்டிகள், எத்தனை ஓட்டுநர்கள், கடந்த 24 மாதங்களில் நடந்த சோதனைகள், விபத்துகள். சிக்கல் எல்லாம் அந்தப் பக்கத்தை எப்படிப் படிக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

பலரும் முதலில் தேடுவது பாதுகாப்பு மதிப்பீட்டை. அது 'திருப்திகரம்', 'நிபந்தனைக்குட்பட்டது', 'திருப்தியற்றது' என்று மூன்று வகைப்படும். ஆனால் பெரும்பாலான நிறுவனங்களுக்கு எந்த மதிப்பீடும் கிடையாது, ஏனென்றால் அதற்குரிய விரிவான ஆய்வு அவற்றில் நடந்ததே இல்லை. மதிப்பீடு இருந்தாலும் அருகில் உள்ள தேதியைப் பார்க்க வேண்டும்; பல ஆண்டுகளுக்கு முந்தைய 'திருப்திகரம்' இன்றைய பிரேக்கைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. சாலையோரச் சோதனைகளின் முடிவுதான் என்னைப் பொறுத்தவரை மிகவும் பயனுள்ளது. பிரேக், டயர் போன்றவற்றில் கடுமையான குறை கண்டால் அதைச் சரிசெய்யும் வரை வண்டியை நகர்த்தக் கூடாது என்று நிறுத்திவிடுவார்கள். இதை 'அவுட் ஆஃப் சர்வீஸ்' என்பார்கள். தேசிய சராசரியில் சோதிக்கப்படும் வண்டிகளில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் இப்படி நிறுத்தப்படுகிறது. ஒரு நிறுவனத்தின் விகிதம் அதைவிட இரண்டு மடங்கு என்றால் அது தற்செயலாக இருக்க முடியாது. ஆனால் சோதனை எண்ணிக்கையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மூன்று சோதனைகளில் ஒன்று தவறியதையும் முந்நூறில் நூறு தவறியதையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை.

சோதனை, விபத்து இரண்டுக்கும் பூஜ்யம் காட்டும் பக்கத்தைக் கண்டு 'அப்பழுக்கற்ற நிறுவனம்' என்று மகிழ்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கம்தான் எனக்கு அச்சம் தருகிறது. தடை விதிக்கப்பட்ட உரிமையாளர், அதே வண்டிகளையும் அதே ஓட்டுநர்களையும் வைத்துக்கொண்டு புதுப் பெயரில் புது எண் வாங்கினால், பழைய குற்றங்கள் எல்லாம் பழைய எண்ணோடு போய்விடுகின்றன. இத்தகையவர்களைப் பச்சோந்தி நிறுவனங்கள் என்றே அழைக்கிறார்கள். 2008 ஆகஸ்டில் டெக்சாஸின் ஷெர்மன் நகரில் வியட்நாமிய யாத்ரீகர்களை ஏற்றிச் சென்ற பேருந்து பாலத்திலிருந்து விழுந்து 17 பேர் இறந்தார்கள். அதை ஓட்டியது, தடை செய்யப்பட்ட நிறுவனம் ஒன்றின் உரிமையாளர் வேறு பெயரில் தொடங்கிய நிறுவனம். பேருந்தின் முன்சக்கரத்தில் ரீட்ரெட் டயர் (தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் ஒட்டியது) போடக் கூடாது என்பது சட்டம்; அதில் போட்டிருந்தார்கள். புதுப் பெயரைத் தேடியிருந்தால் யாருக்கும் பழைய வரலாறு கிடைத்திருக்காது. ஆகவே எண் புதியதாக இருந்தால் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் தனியாகத் தேடிப் பாருங்கள். பழைய பெயர் பெரும்பாலும் அங்கேதான் வெளிப்படும்.

காப்பீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூலிக்குப் பொதுச் சரக்கு ஏற்றும் பெரிய டிரக்குகளுக்கு, விபத்தில் பிறருக்கு ஏற்படும் இழப்பை ஈடுகட்டும் பொறுப்புக் காப்பீடு குறைந்தபட்சம் 7,50,000 டாலர். 1980ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த தொகை அது. மருத்துவச் செலவு எத்தனை மடங்கு ஏறியும் அது ஏறவில்லை. நம் சாமான்களுக்கான பொறுப்பு இதில் அடங்காது. சாமானின் முழு மதிப்புக்கும் நிறுவனமே பொறுப்பேற்கும் 'முழு மதிப்புப் பாதுகாப்பை' விட்டுக்கொடுத்து நாம் கையெழுத்திட்டிருந்தால், இழப்பீடு ஒரு பவுண்டு எடைக்கு 60 சென்ட் மட்டுமே. 100 பவுண்டு எடையுள்ள என் அலமாரிக்கு 60 டாலர்.

என் மனக்குறை இன்னொன்றும் உண்டு. வேகம், ஓய்வு நேர விதிகள், வண்டிப் பராமரிப்பு எனப் பிரித்து ஒவ்வொரு நிறுவனமும் தன்னை ஒத்தவற்றோடு ஒப்பிடுகையில் எங்கே நிற்கிறது என்பதைக் காட்டிய சதவீத வரிசையை, 2015 டிசம்பரில் வந்த 'ஃபாஸ்ட்' என்ற மத்தியப் போக்குவரத்துச் சட்டம் சரக்கு நிறுவனங்களைப் பொறுத்தவரை பொதுமக்கள் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. பேருந்து நிறுவனங்களுக்கு அது தொடர்ந்து வெளியாகிறது. சிறு நிறுவனங்களுக்கு அந்தக் கணக்கு அநீதி இழைக்கிறது, யார் மீது தவறு என்று பாராமல் விபத்துகளை எண்ணுகிறது என்ற வாதங்களில் உண்மை இருக்கிறது. அதற்குக் கணக்கைத் திருத்தி, சோதனை எண்ணிக்கையோடு வெளியிடுவதுதான் வழி. ஒரே நெடுஞ்சாலையில் 80,000 பவுண்டு டிரக்கின் பக்கத்தில் கார் ஓட்டும் குடும்பத்திடம் அதை மறைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

சென்ற ஆண்டு நண்பர் ஒருவர் வீடு மாறியபோது, விலை சொன்ன நிறுவனத்தின் எண்ணை இருவருமாகத் தேடினோம். 'புரோக்கர்' என்று வந்தது. வீட்டுச் சாமான் புரோக்கர்கள் தாங்கள் பயன்படுத்தும் நிறுவனங்களின் பட்டியலை எண்களோடு தர வேண்டும் என்பது விதி. அதைச் சொல்லிக் கேட்டதும் அனுப்பிவிட்டார்கள். பட்டியலில் இருந்த மூன்று நிறுவனங்களில் ஒன்றின் இயக்க உரிமம் ரத்தாகியிருந்தது, இன்னொன்று தொடங்கி நான்கு மாதமே ஆகியிருந்தது. நண்பர் மூன்றாவது நிறுவனத்தை நேரடியாக அழைத்துப் பேசி முடித்தார். டிரக் வந்த காலையில் ஓட்டுநர் இறங்குவதற்கு முன்பே கதவில் இருந்த எண்ணைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். அது ஒப்பந்தத்தில் இருந்த அதே எண்.